கயானா: வரலாறும் மக்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கயானா, கானா, கினி, பிரெஞ்சு கயானா எல்லாம் ஒன்றா?

இல்லை. கானாவும் கினியும் ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. கயானா இருப்பது தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில். மேற்கே வெனிசுவேலா, தெற்கே பிரேசில், கிழக்கே சுரினாம். பிரெஞ்சு கயானா சுரினாமையும் தாண்டி இருக்கிறது, இன்றும் பிரான்சின் பகுதி. இங்கே பேசுவது 1966 மே 26 வரை 'பிரிட்டிஷ் கயானா' என்று இருந்த நாட்டைப் பற்றி. பரப்பு சுமார் 2,15,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல். ஆட்களோ 2012 கணக்கெடுப்பில் 7,46,955 பேர்தான். மதுரை மாநகரில் இதைவிட அதிகம்.

இவ்வளவு நிலம் இருந்தும் ஏன் எல்லோரும் கடலோரத்திலேயே நெருக்கிக்கொண்டு வாழ்கிறார்கள்?

பத்தில் ஒன்பது பேர் ஒரு குறுகிய கரையோரப் பட்டையில் வாழ்கிறார்கள். உள்ளே காடு, மலை, புல்வெளி. கரையோரம் முழுக்க வளமான களிமண். ஆனால் அது இயற்கையாக அமைந்த நிலம் அல்ல, கடலிடமிருந்தும் சதுப்பிடமிருந்தும் பிடுங்கியது. கடல் ஏறி நிற்கும் நேரத்தில் ஜார்ஜ்டவுனின் தெருக்கள் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும்.

இதைத் தொடங்கியவர்கள் டச்சுக்காரர்கள். 17-ஆம் நூற்றாண்டில் எசக்கிபோ, பெர்பீஸ் ஆறுகளின் மேல்பகுதியில் குடியேறியவர்கள், அங்கே மண் சத்தில்லாமல் போகவே 18-ஆம் நூற்றாண்டில் கரையை நோக்கி இறங்கினார்கள். டெமராரா குடியேற்றம் 1740-களில் வந்தது. நிலத்தை நீளநீளமாக அறுத்துக் கொடுத்தார்கள்: கடலைப் பார்த்துக் குறுகிய முகப்பு, பின்னால் சதுப்பை நோக்கி மைல் கணக்கில் நீளம். இன்றும் ஊர்கள் அதே வடிவத்தில்தான் இருக்கின்றன. சாலையோரம் வீடு, வயல் பின்னால் எங்கோ.

ஒவ்வொரு தோட்டத்துக்கும் நான்கு கரைகள் உண்டு. முன்னே கடல் கரை, பின்னே 'பேக்டாம்', இரு பக்கமும் பக்கக் கரைகள். பேக்டாமுக்கு அப்பால் சதுப்பு நீரைத் தேக்கி வைப்பார்கள். உள்ளே இரண்டு வாய்க்கால் வலைகள், ஒன்றோடொன்று சேரக் கூடாது. மேல்மட்ட வாய்க்கால் நன்னீரைக் கொண்டுவரும், கரும்பு ஏற்றிய 'பன்ட்' என்ற தட்டைப் படகுகளும் அதில்தான் போகும். கீழ்மட்ட வாய்க்கால் மழைநீரை வடிக்கும். ஒரு சதுர மைல் கரும்புக்கு 49 மைல் வடிகாலும் 16 மைல் மேல்மட்ட வாய்க்காலும் தேவை என்று, சர்க்கரைத் தொழிலை விசாரிக்க 1948-இல் வந்த வென் ஆணையம் கணக்கிட்டது. இதற்காக அடிமைகள் மண்வெட்டியால் அள்ளிய சேறு குறைந்தது 10 கோடி டன் என்பதும் அதே அறிக்கையின் மதிப்பீடு. கயானாவின் வரலாற்றை யார் எழுதினாலும் முதல் அத்தியாயம் இந்தச் சேறாகத்தான் இருக்க வேண்டும். பின்னால் வந்த நிலத் தகராறு, கூலித் தகராறு, இனத் தகராறு மூன்றும் இதில் வேர் விட்டவை.

'கோக்கர்' என்கிறார்களே, அது என்ன? எப்படி வேலை செய்கிறது?

மதகுதான், பெயர் டச்சு. வடிகால் வாய்க்கால் கடலிலோ ஆற்றிலோ விழும் இடத்தில் இரு தூண்கள், நடுவே கனமான பலகைக் கதவு, மேலே சங்கிலியும் சுழற்றும் சக்கரமும். கதவுக்குப் பெரும்பாலும் உள்ளூர் 'கிரீன்ஹார்ட்' மரம், உப்புநீரில் சீக்கிரம் இற்றுப்போகாது.

கடல் வற்றத் தொடங்கி வெளிமட்டம் உள்மட்டத்தைவிடக் கீழே இறங்கியதும் கோக்கர்க்காரர் கதவைத் தூக்குவார், தேங்கிய நீர் தானாக ஓடும். கடல் திரும்பி இரு மட்டமும் சமமாகும் முன்பே இறக்கிவிட வேண்டும். நாளுக்கு இரண்டு வற்றம், அதனால் இரண்டு வாய்ப்பு, ஒவ்வொன்றும் சில மணி நேரம்தான். வற்றம் நாளுக்கு நாள் தள்ளிப்போகும் என்பதால் நள்ளிரவிலும் எழுந்து போக வேண்டும். இறக்கத் தாமதித்தால் உப்புநீர் உள்ளே ஏறி நெல்லும் காய்கறியும் கருகும். தூக்கத் தாமதித்தால் ஊர் ஒரு வற்றத்தை இழக்கிறது, தண்ணீர் முற்றத்திலேயே நிற்கும்.

அப்படியிருந்தும் ஏன் வெள்ளம் வருகிறது?

பெரும்பாலும் கதவின் குற்றமல்ல, கதவுக்கு வெளியே இருக்கும் சேற்றின் குற்றம். அமேசான் ஆறு கொண்டுவந்து கொட்டும் வண்டல் கரையோரமாகவே மேற்கு நோக்கி நகர்ந்து வந்து கோக்கரின் வாயை அடைக்கிறது. கதவைத் திறந்தாலும் நீர் போக வழியிருக்காது, தோண்டி விட வேண்டும். உள்ளே வாய்க்காலில் களையும் பிளாஸ்டிக்கும் அடைத்தால் நீர் கோக்கர் வரை வந்தே சேராது. பெருமழையும் அமாவாசை, பௌர்ணமிப் பெருக்கும் ஒன்றாக வந்தால் திறந்து வைக்கும் நேரம் இன்னும் சுருங்கும். அலையை உடைக்கும் கண்டல் காடு அழிந்த இடங்களில் கடல் கரையே தாக்குப்பிடிக்காது.

2005 ஜனவரியில் பல நாள் கொட்டிய மழையில் டெமராரா கிழக்குக் கரை வாரக்கணக்கில் நீரில் நின்றது. பின்னாலிருந்த நீர்த்தேக்கக் கரை உடையுமோ என்ற அச்சம் வேறு. அந்த ஒரு வெள்ளத்தின் சேதம் நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் ஏறத்தாழ 60 சதவீதம். நீரில் மூழ்கியதைவிட, தேங்கிய நீரில் பரவிய எலிக்காய்ச்சல்தான் அதிக உயிர்களைக் கொண்டுபோனது.

ஊர்ப் பெயர்கள் ஏன் மூன்று மொழியில் இருக்கின்றன?

எல்லாம் பழைய தோட்டங்களின் பெயர்கள். தோட்டக்காரன் எந்த நாட்டவனோ அந்த மொழி. ஃப்ரீட்-என்-ஹூப் ('அமைதியும் நம்பிக்கையும்') டச்சு, மோன் ரெப்போ ('என் ஓய்விடம்') பிரெஞ்சு, சக்சஸ் ('வெற்றி') ஆங்கிலம். உழைத்துச் செத்தவர்கள் வைத்த பெயர் இவற்றில் அநேகமாக இல்லை. பிரிட்டிஷார் 1796-இல் பிடித்து, 1802-இல் திருப்பிக் கொடுத்து, அடுத்த ஆண்டே மறுபடி பிடித்தார்கள். 1814 உடன்படிக்கையில் முறைப்படி அவர்கள் கைக்கு வந்தது. 1831-இல் எசக்கிபோ, பெர்பீஸ், டெமராரா மூன்றையும் ஒன்றாக்கினார்கள். டச்சுக்காரர்களின் ஸ்டாப்ரூக் நகரம் 1812-லேயே ஜார்ஜ்டவுன் ஆகிவிட்டது.

அடிமைகள் எதிர்க்கவில்லையா?

இரண்டு கிளர்ச்சிகளைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது 1763 பிப்ரவரி 23-இல் பெர்பீஸில் வெடித்தது. தலைவர் கஃபி, டச்சு ஆளுநருக்கே கடிதம் எழுதி, பெர்பீஸைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், மேல்பகுதி எங்களுக்கு என்று பேரம் பேசினார். உள்ளேயே பிளவு வந்தது, கஃபி தற்கொலை செய்துகொண்டார், அடுத்த ஆண்டு எல்லாம் அடங்கியது. ஆனால் கிளர்ச்சி வெடித்த பிப்ரவரி 23-தான் இன்று குடியரசு நாள்.

இரண்டாவது 1823 ஆகஸ்டில் டெமராராவில். 'சக்சஸ்' தோட்டத்தில் தொடங்கி பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். ரத்தம் சிந்தாமல் உரிமை கேட்கத்தான் முதலில் நினைத்தார்கள். ஒடுக்கியபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்களுக்குப் பிரசங்கம் செய்த ஜான் ஸ்மித் என்ற பாதிரியார் மரண தண்டனை பெற்றுச் சிறையிலேயே இறந்தது இங்கிலாந்தைக் கொந்தளிக்க வைத்தது. தோட்டத்தின் முதலாளி ஜான் கிளாட்ஸ்டன், பின்னாளில் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை. அடிமை முறை ஒழிந்தபோது அவருக்கு நட்டஈடாக ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை.

விடுதலைக்குப் பிறகு அவர்கள் என்ன செய்தார்கள்?

நிலம் வாங்கினார்கள், அதுவும் கூட்டாக. 1838 ஆகஸ்ட் 1-இல் முழு விடுதலை. 1839 நவம்பரில் 83 பேர் சேர்ந்து 30,000 கில்டருக்கு நார்த்புரூக் தோட்டத்தை வாங்கி விக்டோரியா என்று பெயரிட்டார்கள். அடுத்த ஆண்டு 128 பேர் 50,000 டாலருக்கு வாங்கிய தோட்டம் பக்ஸ்டன் ஆனது. கூலியிலும் ஞாயிற்றுச் சந்தையில் காய்கறி விற்றும் சேர்த்த காசு. தள்ளுவண்டியில் நாணயமாகக் கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள்.

இதில் என்ன தவறிப்போனது என்றால், தண்ணீர். தோட்டம் ஒரே அலகாக இருக்கும்வரைதான் வடிகால் ஓடும். துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்ட பிறகு வாய்க்காலைத் தூர்வாரவும் கோக்கரைப் பழுதுபார்க்கவும் பொதுப்பணம் இல்லை. மேட்டிலிருந்த தோட்டங்கள் ஊரை மூழ்கடித்த நிகழ்வுகளும் உண்டு. 1850-களில், ஒரு நிலத்தைச் சேர்ந்து வாங்குவோர் எண்ணிக்கைக்கே சட்டம் உச்சவரம்பு போட்டது. கருப்பின விவசாயி சோம்பேறி என்ற வசனம் அந்தக் காலத் தோட்ட முதலாளிகள் கட்டிவிட்டது. வடிகாலை அடைத்துவிட்டுப் பயிர் வரவில்லை என்று சொன்னால் அதற்குப் பெயர் வேறு.

இந்தியர்கள் எப்போது, எந்த நிபந்தனையில் போனார்கள்?

கிளாட்ஸ்டன் கேட்டு அனுப்பியவர்கள்தான் முதல் தொகுதி. கல்கத்தாவிலிருந்து 'விட்பி', 'ஹெஸ்பெரஸ்' என்ற இரு கப்பல்களில் ஏறிய 414 பேரில் 396 பேர் 1838 மே 5-இல் கரையிறங்கினார்கள். ஐந்தாண்டு முடிந்து 1843-இல் 236 பேர் திரும்பினர், சுமார் 60 பேர் தங்கினர். மீதி ஏறத்தாழ நூறு பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். சவுக்கடி பற்றிய செய்தி வெளியானதும் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது, 1845-இல் மீண்டும் தொடங்கியது. 1917 வரை மொத்தம் சுமார் 2,39,000 பேர். 1835 முதலே மதெய்ரா தீவிலிருந்து போர்த்துக்கீசியரும், 1853 முதல் சீனரும் வந்தார்கள்.

ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. ஆணுக்கு நாளுக்கு 24 சென்ட், பெண்ணுக்கு 16 சென்ட். எழுத்தில் இது சரியாக இருக்கும். நடைமுறையில் கூலி நாளுக்கு அல்ல, 'டாஸ்க்' என்ற அளவுக்கு. மேஸ்திரி குறித்த பாத்தி ஒரு நாளில் முடியாவிட்டால் அது ஒரு நாள் கூலி ஆகாது. வேலைக்கு வராதது, வேலையை முடிக்காதது, பாஸ் இல்லாமல் தோட்டத்தைவிட்டு வெளியே போனது எல்லாம் குற்ற வழக்கு: அபராதம் அல்லது சிறை. உரிமை மீறியது முதலாளி என்றால் அது வெறும் உரிமை வழக்கு. இந்த ஏற்றத்தாழ்வைத்தான், அங்கே முன்பு நீதிபதியாக இருந்த டெவூ லண்டனுக்கு எழுதினார். அதனால் 1870-இல் விசாரணை ஆணையமும் வந்தது. குடியிருப்பு 'லோகி' என்ற லயம், பெரும்பாலும் அடிமைகள் காலி செய்த அதே லயம்.

கருப்பினத்தார் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்யும்போது ஒப்பந்தத் தொழிலாளர்களை இறக்கினால் கூலி ஏறாது, அவர்களைக் கொண்டுவரும் செலவில் ஒரு பங்கும் பொதுவரியிலிருந்து போகும். கயானாவின் இனப்பிளவை ரத்தத்திலோ மதத்திலோ தேட வேண்டாம், இந்தக் கணக்கில் தேடினால் போதும்.

தமிழர்கள் இருந்தார்களா?

மதராஸ் துறைமுகத்திலிருந்து போனவர்கள் சுமார் 15,000 பேர், தமிழரும் தெலுங்கரும். அங்கே எல்லோருக்கும் ஒரே பெயர்: 'மதராசி'. போஜ்புரிக்காரர் கூட்டத்தில் சிறுபான்மை என்பதால் மொழி சீக்கிரம் போய்விட்டது. நின்றது மாரியம்மன் வழிபாடு. காளிமாய் பூஜை என்கிறார்கள், கோயிலைக் 'கோய்லு' என்பார்கள். வேப்பிலை, கரகம், தப்பு, உடுக்கை, சாமியாட்டம் எல்லாம் உண்டு. மதுரைவீரன், முனீஸ்வரன், காட்டேரி, சங்கனி என்று வரிசையாகத் தெய்வங்கள். பாட்டில் வரும் தமிழ்ச் சொல்லுக்குப் பாடுகிறவருக்கே பொருள் தெரியாது, ராகமும் தாளமும் மட்டும் பிசகாது. வடஇந்திய முறை இந்துக்கள் பலர் ஆடு, கோழி பலியைக் காட்டி இதை இழிவாகப் பார்த்ததும் உண்டு.

பெயர்களில் தமிழ் இன்னும் தெரியும். 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்தவர் மோசஸ் நாகமுத்து, மேற்கிந்திய அணிக்கு ஆடிய இடக்கைச் சுழல்பந்து வீச்சாளர் வீராசாமி பெருமாள்.

1948 எனும் ஆண்டை ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்?

எண்மோர் தோட்டத்தில் அந்த ஆண்டு ஜூன் 16-இல் ஐந்து தொழிலாளர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. சண்டை ஒரு வேலைமுறையைப் பற்றியது. முன்பு வெட்டுகிறவர் கரும்பை வெட்டிப் போட்டால் போதும். புதிய முறையில் வெட்டிய கரும்பைத் தானே கட்டி, தலையில் சுமந்து, பன்ட்டில் ஏற்றவும் வேண்டும். ஏப்ரல் 22 முதல் கிழக்குக் கரைத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தன. பிணங்களைத் தூக்கிக்கொண்டு 16 மைல் நடந்து ஜார்ஜ்டவுன் வந்த ஊர்வலத்தின் முன்னால் நின்றவர் பல் மருத்துவர் செட்டி ஜெகன், கரும்புத் தோட்ட மேஸ்திரியின் மகன். 1950-இல் அவரும் மனைவி ஜேனட்டும் வழக்கறிஞர் ஃபோர்ப்ஸ் பர்னாமும் சேர்ந்து மக்கள் முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார்கள். இந்தியரும் கருப்பினத்தாரும் ஒரே கொடியின் கீழ் நின்ற காலம் அது.

பிறகு ஏன் பிளந்தது?

1953 ஏப்ரலில் அந்தக் கட்சி 24 இடங்களில் 18-ஐ வென்றது. ஆட்சிக்கு வந்த 133-ஆம் நாள், அக்டோபர் 9-இல், கம்யூனிஸ்ட் ஆபத்து என்று சொல்லி பிரிட்டன் அரசியல் சட்டத்தையே நிறுத்தி வைத்துப் படையை இறக்கியது. 1955-இல் பர்னாம் பிரிந்தார், வாக்கு இனவாரியாகப் பிரியத் தொடங்கியது. ஆனாலும் 1957, 1961 தேர்தல்களில் ஜெகன்தான் வென்றார். கியூபாவுக்குப் பிறகு இன்னொன்று வேண்டாம் என்று கென்னடி அரசு பிரிட்டனை நெருக்கியது. 1963-இல் 80 நாள் நடந்த பொது வேலைநிறுத்தத்துக்கு சிஐஏ பணம் கொடுத்தது இப்போது ரகசியமே அல்ல. தொகுதிமுறையை எடுத்துவிட்டு விகிதாசார முறையைக் கொண்டுவந்ததும் அதற்காகவே. 1964-இல் ஜெகன் கட்சிக்கு 46 சதவீத வாக்கு, மொத்தம் 53 இடங்களில் 24. முதலிடம்தான், பெரும்பான்மை இல்லை. 22 இடம் பெற்ற பர்னாம் 7 இடம் வைத்திருந்த இன்னொரு கட்சியைச் சேர்த்துக்கொண்டு ஆட்சி அமைத்தார். அதே ஆண்டுக் கலவரங்களில் கலந்து வாழ்ந்த ஊர்கள் பிரிந்து, இரு இனமும் தனித்தனி ஊராகின. அந்த வடு இன்றும் வாக்குச்சாவடிவாரி முடிவுகளில் தெரிகிறது.

பர்னாம் காலத்தில் கோதுமை மாவுக்கே தடை இருந்தது என்பது உண்மையா?

உண்மை. 1970-இல் 'கூட்டுறவுக் குடியரசு' ஆன பிறகு 1971-இல் பாக்சைட், 1976-இல் புக்கர் நிறுவனத்தின் சர்க்கரைத் தோட்டங்கள் என எல்லாம் அரசுடைமை ஆயின. அந்நியச் செலாவணி வற்றியதும் 1980-களின் தொடக்கத்தில் கோதுமை மாவு, பருப்பு இறக்குமதியை நிறுத்தினார்கள். ரொட்டியும் பருப்பும் அன்றாட உணவான இந்தியக் குடும்பங்கள் இதைத் தங்கள்மேல் விழுந்த அடியாகவே எடுத்துக்கொண்டன. அரிசி மாவில் ரொட்டி சுடப் பார்த்தார்கள். அதில் பசைச்சத்து இல்லை, தேய்க்கும்போதே விண்டுபோகும். கடத்தல் மாவு வைத்திருந்ததற்காக வழக்கு வாங்கியவர்கள் உண்டு. 1985-இல் பர்னாம் இறந்தபின் வந்த ஹொய்ட் இந்தத் தடைகளைத் தளர்த்தினார். 1992 அக்டோபர் 5-இல், ஜிம்மி கார்ட்டர் நேரில் கண்காணிக்க, நேர்மையான தேர்தல் நடந்து ஜெகன் வென்றார்.

வெனிசுவேலா தகராறு?

எசக்கிபோ ஆற்றுக்கு மேற்கேயுள்ள சுமார் 1,60,000 சதுர கிலோமீட்டர், அதாவது நாட்டில் மூன்றில் இரண்டுக்கு மேல், தன்னுடையது என்கிறது வெனிசுவேலா. 1899 பாரிஸ் தீர்ப்பு கயானா பக்கம், 1966 ஜெனீவா உடன்படிக்கை அதை மீண்டும் பேச்சுக்குக் கொண்டுவந்தது. 2018-இல் கயானா சர்வதேச நீதிமன்றம் போனது. விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று 2020-இல் நீதிமன்றம் சொன்னது.

எண்ணெய் கிடைத்ததால் எவ்வளவு வருகிறது?

2015-இல் கடலுக்கடியில் கண்டுபிடித்து, 2019 டிசம்பரில் எடுக்கத் தொடங்கினார்கள். அந்த எண்ணெய் வயல் இருக்கும் கடற்பகுதிக்கு வைத்த பெயர் ஸ்டாப்ரூக், டச்சுக்காரன் பெயர் திரும்பி வந்துவிட்டது. 2016 ஒப்பந்தப்படி 100 பீப்பாயில் 75 வரை நிறுவனங்கள் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம், மீதி 25-ஐச் சரிபாதி பிரிக்க வேண்டும், அதோடு அரசுக்கு 2 உரிமைத்தொகை. ஆக செலவுக் கணக்கு தீரும்வரை நாட்டுக்கு 14.5. இந்தத் தொகையை உள்ளூரில் யாரைக் கேட்டாலும் முகம் சுளிப்பார்கள்.

என் முன்னோர் மதராஸிலிருந்து டெமராரா போனவர். பதிவைத் தேட முடியுமா?

முடியும், ஆனால் கப்பல் பெயரும் ஆண்டும் வேண்டும். ஜார்ஜ்டவுனிலுள்ள வால்டர் ராட்னி தேசிய ஆவணக் காப்பகத்தில் பதிவுகள் கப்பல்வாரியாக இருக்கின்றன. ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போனால் நாள்தான் வீணாகும். முதலில் கயானாவில் பிறந்த மூத்த தலைமுறையின் பிறப்பு, திருமணப் பதிவுகளை எடுங்கள். பல பழைய பதிவுகளில் பெற்றோர் வந்த கப்பலும் எண்ணும் குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் கிடைத்தால் குடியேற்றச் சீட்டைத் தேடலாம். அதில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, உயரம், உடல் தழும்பு, மாவட்டம், கிராமம் வரை இருக்கும்.

ஆள் தவறிப்போவது எழுத்துக்கூட்டலில்தான். எழுதியவர் ஆங்கிலக் குமாஸ்தா. முத்து 'மூட்டூ' ஆகும், பெருமாள் 'பர்மால்' ஆகும். குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால் ஒரே வீட்டில் அண்ணனுக்கு அப்பா பெயரும் தம்பிக்குத் தாத்தா பெயரும் கடைசிப் பெயராக நிற்கும். உச்சரித்துப் பாருங்கள், எழுத்தை நம்பாதீர்கள். கிராமப் பெயருக்கும் இதுவே பொருந்தும். அந்த ஆண்டில் அந்த ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், அன்றைய வட ஆற்காடு, தென் ஆற்காடு எல்லைகள் இன்று இல்லை.